சுத்தியலை இழுப்பது: திரையில் கெத்து, தெருவில் ஆபத்து

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலசிலாங்கூர் பக்கம் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தபடி தொலைக்காட்சியில் ஒரு தமிழ்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தோம். வில்லன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவிக் கதாநாயகனின் நெற்றிக்கு நேராக நீட்டுகிறான். இரண்டு நிமிட வசனம். பிறகு கட்டைவிரலால் துப்பாக்கியின் பின்பக்கத்தைக் ‘க்ளிக்’ என்று இழுக்கிறான். பின்னணி இசை எகிறுகிறது.

போலீசில் 30 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியப்பா சிரித்துவிட்டார்.

“இதை இழுக்காமலே அந்தத் துப்பாக்கி சுடும்மா. இழுக்கணும்னு அவசியமே இல்ல. அவசியம் இல்லைங்கிறதோட போனாப் பரவாயில்ல. ஆபத்து.”

நான் தமிழ் படித்தவள். துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படத்தில் பார்த்ததுதான். அந்த ‘க்ளிக்’ வந்தால்தான் துப்பாக்கி சுடும் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். நம்மில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்போம். பெரியப்பா ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் படம் போட்டு விளக்கத் தொடங்கினார். வீட்டுக்கு வந்த பிறகு நானாகத் தேடிப் படித்ததில், அந்த ஒரு விரல் அசைவுக்குப் பின்னால் நீதிமன்ற வழக்குகளும் கலவரமும் ஓர் இளைஞனின் சாவும் இருப்பது தெரிந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

துப்பாக்கியின் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய கொம்பு போன்ற பாகத்துக்கு ஹேமர் என்று பெயர். தமிழில் சுத்தியல் என்றே சொல்லலாம், ஏனென்றால் அது செய்வதும் அந்த வேலைதான். சுருள்வில்லின் விசையோடு முன்னால் பாய்ந்து அடிக்கும். அந்த அடி தோட்டாவின் பின்புறத்தில் விழுந்து மருந்து பற்றிக்கொள்ள, குண்டு பறக்கும். அப்படி அடிக்க வேண்டுமென்றால் சுத்தியல் முதலில் பின்னால் போக வேண்டும். அதைப் பின்னால் கொண்டுபோவது யார் என்பதுதான் இந்த விஷயத்தின் அடிப்படை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காட்டுப்பன்றி விரட்ட உரிமத்தோடு வைத்திருந்த பழைய ஒற்றைக் குழல் ‘சினப்பாங்’கை நினைத்துப் பாருங்கள். வெளியே சுத்தியல் தெரியும் வகை. அதைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்து நிறுத்தினால்தான் விசையை அழுத்த முடியும். விசைக்கு ஒரே வேலை, இழுத்து நிறுத்திய சுத்தியலை விடுவிப்பது. இந்த வகையைச் ‘சிங்கிள் ஆக்ஷன்’ என்கிறார்கள்.

அமெரிக்காவின் கௌபாய் காலத்துத் துப்பாக்கியும் இதே வகைதான். 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரில் ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியலைக் கையால் இழுக்க வேண்டும். ஆகவே துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கும்போதே கட்டைவிரல் சுத்தியலுக்குப் போய்விடும். எடுப்பதும் இழுப்பதும் ஒரே அசைவு. அந்தக் கருவிக்கு அது அவசியம். 1972இல் ஜெய்சங்கர் நடித்து வந்த ‘கங்கா’ போன்ற நம்மூர் கௌபாய் படங்களில் சுத்தியலை இழுத்துக் காட்டினால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் விசையை அழுத்தினாலே சுத்தியல் தானாகப் பின்னால் போய், தானாக விடுபட்டு அடிக்கும் துப்பாக்கியும் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. லண்டனைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸ் 1851இல் அப்படியொரு ரிவால்வரைக் கொண்டுவந்தார். அதில் கட்டைவிரலால் பிடிக்கச் சுத்தியலில் கொம்பே கிடையாது. 1856இல் பியூமாண்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் திருத்தத்தோடு இரண்டு வழியும் ஒரே துப்பாக்கியில் சேர்ந்தன. வேண்டுமானால் கையால் இழுத்துவிட்டு லேசாக அழுத்தலாம். வேண்டாமென்றால் விசையை முழுவதுமாக அழுத்தியே சுடலாம். இதுதான் ‘டபுள் ஆக்ஷன்’. விசைக்கு இங்கே இரண்டு வேலை: சுத்தியலை ஏற்றுவதும் விடுவிப்பதும்.

பெரியப்பாவின் இடுப்பில் பல ஆண்டுகள் தொங்கிய .38 ரிவால்வர் இந்த வகை. பிரிட்டிஷ் காலத்தில் 1930கள் முதல் சிங்கப்பூர் போலீஸ் வைத்திருந்த வெப்லி ரிவால்வரும் இதே வகைதான். சிங்கப்பூருக்கு வந்த வெப்லிகளில் ஒரு விசேஷம் உண்டு. ரிவால்வரில் வழக்கமாக இல்லாத பாதுகாப்புப் பூட்டு அவற்றில் பொருத்தப்பட்டிருந்தது. சாவடியிலும் சாலையிலும் நின்ற போலீஸ்காரரின் கையில் துப்பாக்கி தவறுதலாக வெடித்துவிடக் கூடாது என்ற கவலை அன்றைக்கே இருந்திருக்கிறது.

ஆக, படத்தில் வரும் போலீஸ் அதிகாரியும் வில்லனும் பிடித்திருப்பது பெரும்பாலும் டபுள் ஆக்ஷன் துப்பாக்கி. கௌபாய் படத்தில் தேவைக்காகச் செய்தது, போலீஸ் படத்துக்கு அலங்காரமாக வந்து ஒட்டிக்கொண்டது.

அரிசிப் பையும் தண்ணீர்ப் போத்தலும்

இரண்டு வழியிலும் குண்டு ஒன்றுதான். மாறுவது விசையின் கனம்.

சுத்தியலை இழுக்காமல் டபுள் ஆக்ஷன் விசையை அழுத்த ஏறக்குறைய 5 கிலோ அளவுக்கு விரல் பலம் வேண்டும். கடையில் 5 கிலோ அரிசிப் பை வாங்குவோமே, அதை ஆள்காட்டி விரல் ஒன்றில் மட்டும் தொங்கவிட்டுத் தூக்கிப் பாருங்கள். அந்தப் பாரம்தான். விசை போக வேண்டிய தூரமும் அதிகம், ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாது. அழுத்த அழுத்தச் சுத்தியல் பின்னால் போவது கண்ணுக்குத் தெரியும். பாதியில் மனம் மாறினால் விரலைத் தளர்த்திவிடலாம்.

சுத்தியலைக் கையால் இழுத்து நிறுத்திவிட்டால் அதே விசைக்கு 2 கிலோவுக்கும் குறைவான அழுத்தம் போதும். 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தலின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரமும் சில மில்லிமீட்டர்தான். பாதியில் மனம் மாற அங்கே ‘பாதி’ என்று ஒன்று இல்லை.

அப்படியென்றால் யார் இதை விரும்புவார்கள்? குறிபார்த்துச் சுடுபவர்கள் விரும்புவார்கள். அவர்கள் சொல்லும் காரணமும் நியாயமானதே. 5 கிலோ கனத்தை இவ்வளவு தூரம் இழுக்கும்போது துப்பாக்கி முனை ஆடும், குறி விலகும். விசை லேசாக இருந்தால் குண்டு நினைத்த இடத்துக்குப் போகும். சுடும் திடலில் நிதானமாக நின்று அட்டையில் வட்டத்தைக் குறிவைப்பவர் சுத்தியலை இழுத்துவிட்டுச் சுடுவதில் தவறேதும் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் ஜெர்மனி ஏற்றுக்கொண்ட வால்தர் பி38, பின்னர் 1985இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த பெரெட்டா போன்ற பிஸ்டல்கள் வந்தபோது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இந்தப் பிஸ்டல்களில் முதல் குண்டுக்கு மட்டும் விசை கனம். அது வெடித்த வேகத்திலேயே மேல்பாகம் பின்னால் போய்ச் சுத்தியலை ஏற்றிவிடுவதால், இரண்டாவது குண்டிலிருந்து விசை லேசு. முதல் குண்டு ஒரு மாதிரி, அடுத்தது வேறு மாதிரி. இது சிலருக்குப் பிடிக்கவில்லை. உறையிலிருந்து உருவும்போதே கட்டைவிரலால் சுத்தியலை இழுத்துவிட்டால் முதல் குண்டும் லேசாகிவிடுமே என்று நினைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது.

ஆனால் பதற்றத்தில் இருக்கும் மனிதக் கை அந்தக் கணக்கில் சேரவில்லை.

பயந்த கை தன் பேச்சைக் கேட்பதில்லை

துப்பாக்கியை உருவும் நேரம் எப்படிப்பட்ட நேரம் என்று யோசித்துப் பாருங்கள். எதிரே ஆபத்து. இதயம் படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. விரல் நுனிகளில் நுட்பமான உணர்ச்சி குறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கட்டைவிரலை மேலே கொண்டுபோனால் துப்பாக்கிப் பிடி தளரும். வியர்த்த விரல் சுத்தியலிலிருந்து வழுக்கலாம். இவை சில்லறைப் பிரச்சினைகள். பெரிய பிரச்சினை அதற்குப் பிறகுதான் வருகிறது. உயிர் பறிக்கும் கருவி ஒன்றை, தொட்டாலே வெடிக்கும் நிலையில் வைத்துக்கொண்டு, கைகால் நடுங்க ஒருவர் நிற்கிறார்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்து உடலியல் ஆய்வாளர் ரோஜர் எனோகா, போலீஸ்காரர்களின் துப்பாக்கி அவர்கள் நினைக்காமலே வெடிப்பது ஏன் என்று 2003இல் எழுதினார். மூன்று காரணங்களை அவர் எடுத்துச் சொல்கிறார். ஒன்று, ஒரு கை இறுகும்போது மறு கையும் தன்னையறியாமல் இறுகும். இறுகிப்போன ஊறுகாய்ப் போத்தல் மூடியைத் திருகும்போது பல்லைக் கடிக்கிறோம், இரண்டு கையும் சேர்ந்தே இறுகுகிறது இல்லையா? ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் குற்றவாளியின் சட்டைக் காலரும் இருந்தால் இதே கதைதான். இரண்டாவது, கால் வழுக்கித் தடுமாறும்போது கை எதையாவது பற்றப் பார்க்கும். ஓடும் பேருந்தில் பிரேக் போட்டால் கம்பியை நாம் பிடிப்பதில்லை, கையே பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது, திடீர்ச் சத்தம். பட்டாசு வெடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறதே, அப்போது விரல்களும் மடங்கும்.

இந்த மூன்றில் எதையும் மனதால் தடுக்க முடியாது. இப்போது அந்தக் கையில் 5 கிலோ விசை இருப்பதற்கும் 2 கிலோவுக்குக் குறைவான விசை இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இதைப் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை, நானும் யோசித்திருக்கவில்லை. சுத்தியலை இழுத்தாகிவிட்டது. எதிரே இருந்தவன் கையைத் தூக்கிச் சரணடைந்துவிட்டான். சுட வேண்டியதில்லை. இனி என்ன செய்வது? பழைய ரிவால்வரில் சுத்தியலைத் திரும்ப இறக்க ஒரே வழி, கட்டைவிரலால் அதைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்துவது. அதாவது, சுடக்கூடாது என்று முடிவு செய்தவர் உள்ளே தோட்டா இருக்கும்போதே விசையை அழுத்தியாக வேண்டும். நடுங்கும் கையோடு. கட்டைவிரல் வழுக்கினால் குண்டு பாய்ந்துவிடும். வால்தர், பெரெட்டா போன்ற பிஸ்டல்களில் விசையைத் தொடாமலே சுத்தியலைப் பத்திரமாக இறக்கத் தனி நெம்புகோல் வைத்ததற்குக் காரணம் இதுதான். பிடித்துக்கொள்ளக் கட்டைவிரலை மட்டும் நம்ப முடியாது என்று செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

“இழுக்கிறது சுலபம்மா. இறக்குறதுதான் உயிர் போற வேலை,” என்றார் பெரியப்பா.

மயாமியில் ஒரு மாலை

1982 டிசம்பர் 28. அமெரிக்காவின் மயாமி நகரில் ஓவர்டவுன் என்பது கறுப்பின மக்கள் வாழும் ஏழ்மையான பகுதி. அங்கே ஒரு வீடியோ கேம் நிலையம். நெவெல் ஜான்சன் என்ற 20 வயது கறுப்பின இளைஞர் விளையாடிக்கொண்டிருந்தார். லூயிஸ் ஆல்வரெஸ் என்ற போலீஸ்காரர் பயிற்சியில் இருந்த சக போலீஸ்காரரோடு உள்ளே வந்தார். ஜான்சனின் சட்டைக்குள் ஏதோ புடைத்திருப்பதைக் கண்டு விசாரித்தார். இடுப்பில் இருந்தது ஒரு சிறிய துப்பாக்கி. அடுத்த சில நொடிகளில் ஆல்வரெஸின் ரிவால்வர் ஒரே ஒரு முறை வெடித்தது. குண்டு ஜான்சனின் தலையில் பாய்ந்தது. அவர் பிழைக்கவில்லை.

அன்றிரவே ஓவர்டவுன் பற்றி எரிந்தது. கலவரம் மூன்று நாட்கள் நீடித்தது. ஆல்வரெஸ் மீது நோக்கமில்லாமல் உயிரிழப்பு ஏற்படுத்தியதாக வழக்குப் போடப்பட்டது.

வழக்கு 1984இல் விசாரணைக்கு வந்தபோது, அந்த விரல் அசைவு நீதிமன்றத்தின் நடுக்கூடத்துக்கே வந்துவிட்டது. ஆல்வரெஸ் சுத்தியலை முன்பே இழுத்து வைத்திருந்தார், அதனால்தான் துப்பாக்கி அவர் நினைக்காமலே வெடித்தது, அது அலட்சியம் என்பது அரசுத் தரப்பு முன்வைத்த கதை. இல்லை, ஜான்சன் தன் துப்பாக்கியை எடுக்க முயன்றார், உயிரைக் காத்துக்கொள்ளத் தெரிந்தேதான் சுட்டேன் என்பது ஆல்வரெஸ் தரப்பு. வெள்ளையர்கள் மட்டுமே கொண்ட ஆறு பேர் ஜூரி 1984 மார்ச்சில் அவரை விடுதலை செய்தது. ஓவர்டவுன் மக்களுக்கு அந்தத் தீர்ப்பு ஆறாத புண்ணாகவே போனது.

யார் சொன்னது உண்மை என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. தெரிந்தே தற்காப்புக்காகச் சுட்டால் சட்டம் அதை ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது. கை தவறிச் சுட்டுவிட்டால் தற்காப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை; அலட்சியம் என்றாகிவிடும். சுத்தியல் இழுக்கப்பட்டிருந்தால், உண்மையில் என்ன நடந்தது என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகிறது. சுட்டவருக்கும் நிம்மதியில்லை, பறிகொடுத்த குடும்பத்துக்கும் விடை கிடைப்பதில்லை.

அந்த வழக்குக்குப் பிறகு மயாமி போலீஸ் தன் ரிவால்வர்களில் சுத்தியலைக் கையால் இழுத்து நிறுத்தவே முடியாதபடி உள்ளமைப்பை மாற்றியது. லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் போலீஸ் துறைகளும் இதே வழியில் போயின. ‘இழுக்காதே’ என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை, இழுக்க முடியாதபடி செய்துவிடுவோம் என்ற முடிவு அது. பிரிட்டிஷ் ராணுவம் இதை வேறொரு காரணத்துக்காக 1938இலேயே செய்திருக்கிறது. டாங்கிக்குள் ஏறி இறங்கும் வீரர்களின் என்ஃபீல்டு ரிவால்வர் எதிலாவது மாட்டிக்கொள்கிறது என்பதால் சுத்தியலின் கொம்பையே எடுத்துவிட்டது.

கனமான விசை மட்டும் போதுமா?

அப்படியென்றால் விசையைக் கனமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். நியூயார்க் போலீசும் அப்படித்தான் நினைத்தது. ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறியபோதும் விசையின் கனத்தை 5 கிலோவுக்கு மேலேயே வைத்துக்கொண்டது.

2014 நவம்பர் 20 இரவு, புரூக்ளினில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இருட்டான மாடிப்படியில் பீட்டர் லியாங் என்ற இளம் போலீஸ்காரர் கையில் துப்பாக்கியை உருவிப் பிடித்தபடி கதவைத் திறந்தார். துப்பாக்கி வெடித்தது. குண்டு சுவரில் பட்டுத் திரும்பி, கீழ்த்தளத்தில் படியிறங்கிக்கொண்டிருந்த அக்காய் கர்லி என்ற 28 வயது இளைஞரின் மார்பில் பாய்ந்தது. அவர் கையில் ஆயுதம் இல்லை, எந்த வம்பிலும் இல்லை. லிஃப்ட் வரத் தாமதமானதால் படியில் இறங்கியவர்.

சத்தம் கேட்டுத் திடுக்கிட்டதில் வெடித்துவிட்டது என்றார் லியாங். ஜூரிகள் அதே துப்பாக்கியின் விசையைத் தாங்களே அழுத்திப் பார்த்தார்கள். விரல் விசைமேல் இல்லாமல் இவ்வளவு கனமான விசை தானாக அழுந்துமா என்பது அவர்கள் கேள்வி. 2016இல் அவரைக் குற்றவாளி என்றார்கள். பிறகு நீதிபதி குற்றச்சாட்டைக் குறைத்து, 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 800 மணி நேரச் சமூக சேவையும் விதித்தார்.

விசை எவ்வளவு கனமாக இருந்தாலும், விரல் அதன்மேல் இருந்தால் ஆபத்துதான். சுடுவதற்கு முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டியிருக்க வேண்டும் என்பது இன்று உலகெங்கும் சொல்லித்தரும் முதல் பாடம். நம் படங்களில் இது எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது. அடுத்த முறை பார்க்கும்போது கதாநாயகனின் ஆள்காட்டி விரல் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்.

கனமான விசைக்கு இன்னொரு விலையும் உண்டு. 2012 ஆகஸ்டில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே ஒரு கொலையாளியை எதிர்கொண்ட இரண்டு போலீஸ்காரர்கள் 16 குண்டுகள் சுட்டார்கள். அவன் செத்தான். ஆனால் வழியில் போன 9 பேர் போலீஸ் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் காயமடைந்தார்கள். விசை கனமாக இருந்தால் குறி தவறும் என்ற பழைய வாதம் திரும்ப எழுந்தது. அண்மை ஆண்டுகளில் நியூயார்க் போலீஸ் புதிதாகச் சேர்பவர்களுக்கு லேசான விசையுள்ள துப்பாக்கி கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. இந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: லேசான விசை வேண்டும் என்று கேட்பவர்கள்கூட உருவும்போது சுத்தியலை இழுங்கள் என்று சொல்லவில்லை. முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் ஒரே கனமாக இருக்கட்டும், பயிற்சியைக் கூட்டுவோம் என்றுதான் போகிறார்கள்.

நம் ஊரில்

நம் இரு நாடுகளிலும் சாதாரண மக்கள் கையில் துப்பாக்கி கிடையாது; அது பெரிய நிம்மதி. உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அசல் போலத் தோன்றும் போலித் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. பார்ப்பதற்கு அசல் மாதிரியே இருக்கும் ‘பிஸ்டலை’ வாங்கிப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு கொடுக்கும் பெற்றோர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குற்றச்செயலில் துப்பாக்கி வெடித்தால் சட்டம் இன்னும் கடுமை. மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கொள்ளை, கடத்தல் போன்ற குற்றங்களைச் செய்யும்போது உயிர்ச்சேதமோ காயமோ விளைவிக்கும் நோக்கத்தோடு சுட்டால் கட்டாய மரண தண்டனை இருந்தது. கட்டாயம் என்பது 2023 ஜூலையில்தான் நீங்கியது; மரண தண்டனை இன்னும் நீதிபதியின் கையில் இருக்கிறது. சிங்கப்பூரில் கட்டாயம் என்பது நீங்கவில்லை. அங்கே ஆயுதக் குற்றச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. துப்பாக்கியைப் பயன்படுத்தியவர், காயப்படுத்தும் நோக்கத்தோடுதான் பயன்படுத்தினார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவருடைய பொறுப்பு. “சும்மா பயமுறுத்தத்தான் இழுத்தேன், வெடிச்சிருச்சு” என்று சொல்பவர் அதைத் தன் உயிரைப் பணயம் வைத்து நிரூபிக்க வேண்டும்.

இதைப் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. அவர் வேலையில் இருந்த காலத்தில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்த தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். ஒரு தடவைகூட சுத்தியலைத் தொட்டதில்லை என்றார். ஒரே ஒரு முறை, இரவு நேரத்தில், ரப்பர் தோட்டத்துக்குள் ஒருவனை விரட்டிக்கொண்டு ஓடும்போது வேர் தடுக்கி விழுந்திருக்கிறார். துப்பாக்கி கையில்தான் இருந்தது. எழுந்து பார்த்தால் முன்னால் இரண்டடி தூரத்தில் உடன் வந்த போலீஸ்காரர் நிற்கிறார்.

“அன்னைக்கு நான் படத்துல வர்ற மாதிரி இழுத்து வச்சிருந்தா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

இப்போது போலீஸ்காரர்களின் கைக்கு வரும் துப்பாக்கிகளில் இந்தக் கேள்வியே மெல்ல மறைந்துவருகிறது. சிங்கப்பூர் போலீஸ் நெடுங்காலம் வைத்திருந்த டாரஸ் ரிவால்வருக்குப் பதிலாகக் குளோக் 19 வந்திருக்கிறது. மலேசிய போலீசிடம் வால்தர் பி99 இருக்கிறது. இரண்டிலும் இழுக்க வெளியே சுத்தியலே கிடையாது. அந்த வேலையை உள்ளே மறைந்திருக்கும் ஓர் ஊசி செய்கிறது.

கிளம்பும் நேரத்தில் தொலைக்காட்சியில் வேறொரு படம் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் வேடத்தில் கதாநாயகன், கையில் குளோக் மாதிரியான துப்பாக்கி. வில்லனைப் பார்த்து நீட்டினார். ‘க்ளிக்’ என்று தெளிவாகக் கேட்டது.

“சுத்தியலே இல்லாத துப்பாக்கிக்கு அந்தச் சத்தம் எங்கேருந்தும்மா வந்துச்சு?” என்றார் பெரியப்பா.